முதல் டம்ளர்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகளின் மாமனாராகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, என் மகன், தங்கள் மகள் எல்லோரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைத் தங்கள் மகள் வாயிலாகத் தினமும் தெரிந்துகொள்கிறோம். தாங்கள் எங்கள் சௌக்கியத்தை விசாரித்ததாக அவள் இதுவரை ஒருநாளும் சொல்லவில்லை என்பதால், கேட்காமலே மேலே எழுதிவிட்டேன். தவறாக எண்ண வேண்டாம்.

இரண்டு தெரு தள்ளி, காலில் செருப்பு சூடு பிடிப்பதற்குள் நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் இருப்பவருக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீங்கள் எனக்கு வேறு வழி வைக்கவில்லை. நேரில் வந்தால் சம்பந்தி அம்மா கதவைத் திறந்து, "அவரு தூங்குறாருங்க" என்கிறார். உள்ளேயிருந்து நீங்கள் இருமுகிற சத்தம் கேட்கிறது. போன் செய்தால், "ராங் நம்பர்" என்று உங்கள் சொந்தக் குரலிலேயே சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. திருப்பி அனுப்புவதானாலும் தபால்காரரிடம் நின்று பேச வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பல்பட்டாவது பிரித்துப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது சம்பந்தி. மாலையானால் ஜன்னலோரம் உங்கள் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமான புதிதில் நாம் இருவரும் என்ன பேசுவது என்று தெரியாமல் சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கும். நடுவில் ஒரு சதுரங்கப் பலகை வந்த பிறகுதான் சம்பந்தி என்ற உறவு சினேகிதமாக மாறியது. ஓய்வுபெற்றவனுக்குக் காலை விடிவது பெரிய விஷயமில்லை, சாயங்காலம் என்று ஒன்று வருவதுதான் பெரிய விஷயம். அதை நீங்கள்தான் கொண்டுவந்துகொண்டிருந்தீர்கள். இப்போது மத்தியானத்துக்குப் பிறகு நேராக இருட்டிவிடுகிறது. நானே இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு காயை நகர்த்தி, எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு காயை நகர்த்திப் பார்த்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்களுக்கும் உங்களுக்கும் சண்டை வந்துடப் போகுது, அப்புறம் ரெண்டு பேரையும் யாரு சமாதானம் பண்றது" என்றாள். அப்போதிருந்து அதையும் விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதே அவள் எச்சரித்தாள். "மன்னிச்சுக்கோங்கன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்க. பாடம் நடத்தாதீங்க." நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் வாழ்நாளெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். காரணம் சொல்லாத பயணியை நீங்கள் இறக்கிவிடாமல் விட்டதே இல்லை. ஒரு பெட்டிக்குள் ஒருமுறை நடந்துபோனால் யார் எந்த இருக்கையில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று வருஷக்கணக்கில் மறக்காத கண் உங்களுடையது. அப்படிப்பட்டவரிடம் மொட்டையாக ஒரு வரி எழுதினால் செல்லுபடியாகாது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து முறையாகச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளும்.

குளிர் இறங்கி காற்று வறண்டு, எல்லோருக்கும் உதடு வெடிக்க ஆரம்பித்த நாட்களில்தான் அது தொடங்கியது. வழக்கம்போல நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தீர்கள். ஓடுகிற ரயிலில் பழகிய கை, வீடு ஓடாவிட்டாலும் எதையாவது பிடித்துக்கொள்ளும். தங்கள் மகள் ஸ்டீல் ட்ரேயில் டீ கொண்டுவந்தாள். முறைப்படி முதல் டம்ளர் உங்களுக்கு. நீங்கள் ஸ்டீல் டம்ளரைத் தொட்டதும் 'சுரீர்' என்று ஒன்று. கையை உதறிக்கொண்டு, "என்ன வாத்தியாரே, டீயில கரண்ட் போட்டுக் குடுக்குறீங்களா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நான் என் டம்ளரை எடுத்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் உங்களுக்கு அடித்தது, எனக்கு அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. பேச்சுவாக்கில் இன்னொரு டம்ளர் கேட்டால் அதிலும் உங்களுக்கே அடித்தது. நீங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினீர்கள். டிக்கெட்டைக் கையில் வாங்கி, ஆளின் முகத்தையும் டிக்கெட்டையும் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை.

வீட்டில் மின்கசிவு இருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். இங்கேதான் என் முதல் தவறு. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். தெருவே 'ஃபியூஸ்' என்று கூப்பிடுகிற ஆள், அந்தப் பெயர் எதனால் வந்தது என்று நான் முன்பே விசாரித்திருக்க வேண்டும். அவர் வந்து மெயின் போர்டைக் கழற்றினார், எல்லா அறையிலும் சுவிட்சுகளைக் கழற்றினார், கழற்றியதில் சிலவற்றைத் திருப்பி மாட்டினார். இப்போது கூடத்துச் சுவிட்சைப் போட்டால் குளியலறை விளக்கு எரிகிறது. கடைசியில் ட்ரே மீது டெஸ்டரை வைத்துப் பார்த்து, "ட்ரேயில ஒண்ணும் இல்ல சார். டெஸ்டர் எரியவே மாட்டேங்குது. உங்க சம்பந்தி உடம்புலதான் ஏதோ கோளாறு இருக்கு" என்றார். அதை நான் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது மட்டுமல்ல, டாக்டரிடம் காட்டுகிறீர்களா என்றும் கேட்டேன். அக்கறையில் கேட்டது சம்பந்தி, வேறொன்றுமில்லை.

அப்புறம் ஃபியூஸ், "எர்த் சரியில்ல, புதுசா எர்த் போட்டுட்டா எல்லாம் அடங்கிடும்" என்றார். சரி என்று பின்பக்கம் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாயை இறக்கினோம். என் மனைவி ஆசையாக வளர்த்த ரோஜாச் செடிகள் அந்த உப்பில் ஒவ்வொன்றாகக் கருகின. அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஆக அந்த வாரம் வீட்டில் என்னோடு பேசியது ஃபியூஸ் ஒருவர்தான். ஆனாலும் எனக்கு ஒரே சந்தோஷம். அன்று மாலை நீங்கள் வந்ததும் வாசலிலேயே, "இனிமே பயமில்ல, எர்த் போட்டாச்சு. தைரியமா குடிங்க" என்று பெரிய குரலில் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார். உங்கள் மகள், அப்பா இத்தனை நாள் பட்ட அவதி தீர்ந்தது என்ற மகிழ்ச்சியில் மேஜையைப் பளபளவென்று தேய்த்துத் துடைத்து டீ ஊற்றினாள்.

அன்று அடித்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. பொறி பறந்ததை நானே கண்ணால் பார்த்தேன். டம்ளர் ஒருபக்கம் பறந்தது, டீ உங்கள் வெள்ளைச் சட்டை முழுக்கக் கொட்டியது, முழங்கால் முக்காலியில் இடித்துச் சதுரங்கப் பலகை கவிழ்ந்து காய்கள் அறையெங்கும் ஓடின. "அப்பா!" என்று உங்கள் மகள் கத்தினாள். என் மனைவி துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கூவிக்கொண்டு உங்களைத் தாண்டிக் குதித்து மேஜையிடம் ஓடினேன்.

கண்டுபிடித்தது உண்மை சம்பந்தி. அதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நான் சொல்லும்போது நீங்கள் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தீர்கள், சரியாகக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

டீ ஊற்றுகிற மேஜைமேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறோம். உங்கள் மகள் சுத்தத்துக்குப் பேர்போனவள், அதை ஒரு கம்பளித் துணியால் தினமும் அழுத்தித் தேய்ப்பாள். பிளாஸ்டிக்கைக் கம்பளியால் தேய்த்தால் அதன்மேல் எதிர் மின்னூட்டம் ஏறிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது, ஆகவே ஏறியது ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதன்மேல் ஸ்டீல் ட்ரேயை வைக்கிறாள். ட்ரே ஒரு கடத்தி. அதற்குள் இருக்கிற மின்னூட்டம் நகரக்கூடியது. கீழே எதிர் மின்னூட்டம் உட்கார்ந்திருப்பதால் ட்ரேயில் உள்ள எதிர் மின்னூட்டமெல்லாம் ஒதுங்கி விளிம்புக்கும் மேல்பக்கத்துக்கும் ஓடுகிறது, நேர் மின்னூட்டம் அடிப்பக்கம் தங்குகிறது. கவனியுங்கள், விரிப்பு ட்ரேக்கு எதையும் கொடுக்கவில்லை, வாங்கவும் இல்லை. பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பதாலேயே இன்னொன்றுக்குள் பிரிவினை வந்துவிடுகிறது. இதற்குப் பெயர் நிலைமின் தூண்டல். கூட்டுக் குடும்பத்தில் இருந்த யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியம். டீ ஊற்றி முடித்ததும் உங்கள் மகள் ட்ரேயின் விளிம்பில் சிந்தியதை ஒற்றை விரலால் வழித்துவிடுவாள். அது அவள் பழக்கம், உங்கள் வீட்டில் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம். அந்த விரல் பட்டதும், விளிம்பில் ஒதுங்கி நின்ற எதிர் மின்னூட்டம் அவள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கிப் போய்விடுகிறது. எர்த் என்பது அதுதான். கேட்டால், "எனக்கும் விரல்ல 'டிக்'னு ஒண்ணு இருக்கும் மாமா, குளிருக்கு அப்படித்தானேன்னு விட்டுட்டேன்" என்கிறாள். அப்புறம் விரலை எடுத்துவிட்டு, ட்ரேயை அதன் இரண்டு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் பிடிகளால் தூக்குகிறாள். போனது போய்விட்டது, அடியில் இருந்த நேர் மின்னூட்டம் மட்டும் மிச்சம். பிடி பிளாஸ்டிக் என்பதால் அது இறங்க வழியில்லை. ட்ரே முழுக்கப் பரவிக்கொண்டு, யாராவது தொடமாட்டார்களா என்று காத்திருக்கிறது. அந்த யாராவது நீங்கள். அதுவும் வெறுங்காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டு. ஃபியூஸ் குழி தோண்டி இறக்கிய இரும்புக் குழாயைவிட நீங்கள் உத்தமமான எர்த்.

எனக்கு ஏன் அடிக்கவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். முதல் டம்ளரிலேயே எல்லாம் உங்கள் வழியாக இறங்கிவிடும், இரண்டாவது டம்ளருக்கு ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்கு மரியாதை செய்யாமல் நான் முதலில் எடுத்துக்கொண்டிருந்தால் எனக்குத்தான் அடித்திருக்கும். நான் உங்களைக் குறிவைத்து எதுவும் செய்யவில்லை. செய்ததெல்லாம் மரியாதைதான். இன்னொரு டம்ளருக்காக ட்ரேயை மறுபடி விரிப்பில் வைத்து, விளிம்பை வழித்துவிட்டு, எடுத்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். விரிப்பில் இருப்பது குறையவே குறையாது. இதை நான் எத்தனையோ வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன், பரீட்சையில் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன், தப்பாக எழுதியவர்களைத் திட்டியிருக்கிறேன். என் வீட்டு மேஜையில் என் கண்ணெதிரே தினமும் நடந்தபோது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் டெஸ்டரைத் தேடினேன்.

கண்டுபிடித்தது தப்பில்லை. அதற்கப்புறம் நடந்துகொண்டதுதான் தப்பு. சொட்டச் சொட்ட நின்ற உங்களைக் கையைப் பிடித்து மேஜையிடம் இழுத்து வந்து, ட்ரேயை வைத்து, தொட்டு, விரலை எடுத்து, தூக்கி, "இப்ப தொடுங்க" என்றேன். நீங்கள் மனிதர் சம்பந்தி. வீட்டுக்கு வந்த இடத்தில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று தொட்டீர்கள். அடித்தது. "பார்த்தீங்களா!" என்று கைதட்டினேன். "இன்னொரு தடவை" என்றும் சொன்னேன். அப்போதுதான் என் மனைவி ட்ரேயைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் நானே குனிந்து, சோபாவுக்கு அடியில் தவழ்ந்து காய்களைப் பொறுக்கி, பலகையை நிமிர்த்தி, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் அடுக்கி, ஆட்டத்தை முடித்தோம். நான் ஜெயித்தேன், அது வேறு விஷயம். அன்று நீங்கள் ஜெயிக்கிற நிலையில் இருந்தீர்கள் என்று என் மனைவி சொல்கிறாள், அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. நீங்கள் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். அதுதான் கடைசி.

அதற்குப் பிறகும் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. காய்கறிக் கடை வாசலில் உங்களைப் பார்த்ததும் ஆசையோடு கையை நீட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், என் கையைப் பார்த்தீர்கள், பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தை ஒருமுறை தொட்டுவிட்டு அப்புறம் என் கையைத் தொட்டீர்கள். அது குத்தல் என்று எந்தச் சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. "அதான் சம்பந்தி! அதான் சரியான முறை! முதல்ல எர்த்!" என்று கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நீங்கள் வாங்கிய கத்தரிக்காயைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டீர்கள். அதை உங்கள் மகளிடம் கொடுத்தனுப்பினேன், கிடைத்திருக்கும்.

இனி நான் எடுத்திருக்கிற நடவடிக்கைகள். பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாகிவிட்டது. ஸ்டீல் ட்ரேயைப் பரணில் ஏற்றிவிட்டேன். இனிமேல் மரத்தட்டில்தான் டீ. அந்தக் கம்பளித் துணியையும் ஒழித்துக்கட்டியாயிற்று.

அது என்ன கம்பளித் துணி என்று நீங்கள் கேட்கக் கூடும். கேட்காமல் இருந்தால் நல்லது. ஆனால் உங்கள் மகள் எப்படியும் சொல்லிவிடுவாள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டியபோது நீங்கள் அன்போடு வாங்கிவந்து, உங்கள் கையாலேயே என் கழுத்தில் சுற்றிவிட்ட மஃப்ளர்தான் அது. வேண்டுமென்று செய்யவில்லை. வெந்நீரில் நனைத்ததில் சுருங்கி ஒருபக்கம் விறைத்துப் போயிற்று. என் மனைவி பாதியை வெட்டித் துடைக்கிற துணியாக்கிவிட்டாள். எனக்குத் தெரிந்துதான் வெட்டினாள். மிச்சப் பாதியைத் தேடி எடுத்துத் துவைத்து, கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சுற்று முழுசாக வரவில்லை, ஊக்கு போட்டுக் குத்தியிருக்கிறேன்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தப் பாடத்தில் மாணவர்கள் எப்போதும் தப்பு செய்கிற ஓர் இடம் உண்டு. விரலை எப்போது எடுக்க வேண்டும் என்பது. ட்ரேயை விரிப்பிலிருந்து தூக்கும்வரை விரலை எடுக்காமலே வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. இறங்கிப் போனதெல்லாம் அதே விரல் வழியாகத் திரும்பி ஏறி வந்து, பிரிந்தது மறுபடி சேர்ந்து, ட்ரே சாதுவாக இருக்கும். பாதியில் கையை எடுப்பதால்தான் பொறி. நான் இதை மற்றவர்களுக்கு நடத்தினேனே ஒழிய எனக்கு நடத்திக்கொள்ளவில்லை. உங்கள் சட்டையில் டீ கொட்டியபோது நான் உங்கள் தோளில் கையை வைத்து, "ரொம்பப் பட்டுடுச்சா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டுக் கையை எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். நான் உங்களை விட்டுவிட்டு ட்ரேயிடம் போனேன். அதுதான் என்னை இப்போது சாப்பிடவிடாமல் செய்கிறது. ட்ரே எங்கும் போயிருக்காது. நீங்கள் போய்விட்டீர்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கத்தையும், என் மனைவியின் அன்பையும் சொல்லவும். உங்கள் முழங்கால் நலம்பெறவும், உங்கள் சட்டையின் கறை போகவும், உங்கள் வீட்டில் எல்லாச் சுவிட்சும் அந்தந்த விளக்கையே எரியவைக்கவும் மனதார வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைகள் இருவரும் நம் ஆசியால் நீடூழி வாழட்டும். அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்காமல் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழந்து, அதைத் திரும்பப் பெறக் காத்திருக்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை உங்கள் மகளிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். இடையில் சில இடங்களில் சிரித்தாள். படித்து முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"மாமா, யானையைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே?"

"எந்த யானைம்மா?"

"மூலையில உங்க சிப்பாய்க்குப் பின்னாடி நகர முடியாம மாட்டிக்கிட்டு நின்னுச்சே, அந்த யானை. காயெல்லாம் கொட்டி நீங்க திரும்ப அடுக்கினப்ப அது நடுப்பலகையில வந்து நின்னுச்சாம். அது எப்படி வந்துச்சுன்னுதான் அப்பா தினமும் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"அப்ப ஷாக் அடிச்சதுக்கு?"

"ஷாக்கா? அதைப் பத்தி அவரு பேசவே இல்லையே. 'டிக்கெட் இல்லாம வந்த ஆளு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். மூலையில நின்ன யானை என் கண்ணு முன்னாடியே முதல் வகுப்புல ஏறி உட்கார்ந்ததை இப்பத்தான் பார்க்கிறேன். அதுவும் வாத்தியாரு வீட்டுல'ன்னு சொல்றாரு."

ஆகவே, மேலே எழுதியிருக்கிற பக்கங்கள் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. படித்துவிட்டீர்கள் என்று தெரியும், அதற்கும் வருந்துகிறேன். உண்மையைச் சொல்கிறேன். சோபாவுக்கு அடியிலிருந்து அந்த யானையை எடுத்தபோது அது எங்கே நின்றது என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. நீங்கள் சட்டையைப் பிழிந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தீர்கள். வைத்துவிட்டேன். நீங்கள் கேட்பீர்கள், திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் தோற்றீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள். என் மனைவி சொன்ன அதே ஒரு வரிதான்.

நீங்கள் தினமும் புலம்பியதைக் கேட்டு உங்கள் மகளுக்கு எல்லாக் காய்களின் இடமும் மனப்பாடமாகிவிட்டது. இப்போது அவளே பலகையை எடுத்துவந்து, அந்தப் பொறி பறப்பதற்கு முன் இருந்தபடியே அடுக்கிவைத்திருக்கிறாள். யானை மூலைக்குத் திரும்பிவிட்டது. உங்கள் ராணியும் குதிரையும் என் ராஜாவை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எப்படிப் பார்த்தாலும் எனக்குத் தப்ப வழியில்லை. நகர்த்த வேண்டியது நீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா, உங்கள் மகள் அதை அன்றைக்கே எடுத்துக் கழுவி மறுபடி மேஜையில் விரித்துவிட்டாளாம். "மொட்டை மேஜையைப் பார்க்கப் பிடிக்கல மாமா" என்கிறாள். மரத்தட்டில் டம்ளர் நிற்கவில்லை என்று ட்ரேயையும் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். அந்தக் கம்பளித் துணி உட்பட எல்லாம் பழையபடியே இருக்கிறது. பயப்படாமல் வாருங்கள் சம்பந்தி. முதல் டம்ளரை நான் எடுத்துக்கொள்கிறேன்.